வீட்டை அளக்க வரும் நாள்

ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்வோம். பல வருடம் முகாமிலும் உறவினர் வீட்டிலும் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியிருக்கிறார்கள். சேத மதிப்பீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள் என்று கிராம அலுவலர் அறிவிக்கிறார். வருகிறவர்கள் குறை நினைக்கக் கூடாது என்று, இடிந்த கற்களையெல்லாம் அள்ளிப் பள்ளத்தில் போட்டு வளவைத் துப்புரவாக்கி வைக்கிறார்கள். வந்த தொழில்நுட்ப உத்தியோகத்தருக்கு அத்திவாரத்தின் ஒரு மூலை மட்டுமே தென்படுகிறது. மூன்று அறையும் விறாந்தையுமாக இருந்த வீடு, படிவத்தில் ஓர் அறை வீடாகிவிடுகிறது.

இவர்கள் செய்த பிழை என்ன? உழைக்காமல் விட்டதல்ல, அளக்க வருபவர் எதைத் தேடுகிறார் என்பதை அறியாமல் உழைத்ததுதான்.

அவர் எதைப் பார்க்கிறார்?

முதலாவது, காணி யாருடையது, வீட்டில் இருந்தவர் யார். இரண்டாவது, வீட்டின் அளவு. மூன்றாவது, எதனால் கட்டப்பட்டது: கல்லா, மண்ணா, ஓடா, கிடுகா. நான்காவது, எவ்வளவு அழிந்தது.

நாலாவது கேள்வியில் பெரிய தொகை தங்கியிருக்கிறது. 2012இல் வடக்கு கிழக்கில் தொடங்கிய இந்திய வீட்டுத் திட்டத்தில் புதிய வீட்டுக்கு 550,000 ரூபாவும், திருத்த வேலைக்கு 250,000 ரூபாவும் என வைத்திருந்தார்கள். "முற்றாகச் சேதம்", "பகுதிச் சேதம்" என்ற சொற்களுக்கு இடையில் எவ்வளவு தூரம் என்று பாருங்கள்.

வருமுன் செய்ய வேண்டியவை

1. மிதிவெடி அகற்றியதாக அறிவிக்கப்படாத வளவுக்குள் காலை வைக்கவேண்டாம். பற்றை வெட்டுவதும் அதற்குப் பிறகுதான்.

2. பற்றையை வெட்டுங்கள், ஆனால் இடிபாட்டை அகற்றாதீர்கள். அத்திவாரத்தின் நான்கு மூலைகளும் தெரியும்படி மண்ணை ஒதுக்கிவிடுங்கள். உடைந்த ஓடு, எரிந்த வளை, கதவு நிலை ஆகியவற்றை இருந்த இடத்திலேயே விடுங்கள். கிணறு, மலசலகூடம், மாட்டுக்கொட்டில் என்பவற்றுக்கும் வழி வெட்டி வையுங்கள்.

3. மழைக்கு ஒதுங்கக் கொட்டில் போடவேண்டுமானால், பழைய அத்திவாரத்தின்மேல் போடாமல் தள்ளிப் போடுங்கள். தவிர்க்க முடியாவிட்டால், முதலில் நான்கு பக்கமும் படம் எடுத்து வையுங்கள்.

4. நீங்களே ஒருமுறை அளந்து பாருங்கள். வெளிச்சுவரிலிருந்து வெளிச்சுவருக்கு நீளம் 28 அடி, அகலம் 20 அடி என்றால் 560 சதுர அடி. விறாந்தை 28 அடிக்கு 6 அடி என்றால் 168 சதுர அடி. இவற்றை ஒரு கொப்பித் தாளில் படமாகக் கீறி, எது அறை, எது குசினி என்று குறியுங்கள். தென்னை, பனை, மா, பலா எத்தனை நின்றன என்பதையும் எழுதுங்கள்.

5. பத்திரங்களை ஒரே உறையில் போடுங்கள்: அடையாள அட்டை, குடும்ப அட்டை, காணி உறுதி அல்லது அனுமதிப்பத்திரம், இடம்பெயர்ந்ததற்கான பதிவு, வங்கிப் புத்தகம். ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதி வேண்டும்.

பத்திரம் தொலைந்திருந்தால்

உறுதி தொலைந்தால் காணி தொலைந்ததாகாது. நொத்தாரிசு எழுதிய உறுதியின் இணைப்பிரதி காணிப் பதிவகத்துக்குப் போயிருக்கும். அங்கே பிரதி கேட்கலாம். அரச காணி அனுமதிப்பத்திரம் என்றால் பிரதேச செயலகத்தின் பதிவேட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை, சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக் கடதாசி முடித்து, எல்லைக் காணிக்காரர் இருவரின் கையெழுத்துடன் வைத்திருப்பது உதவும்.

உறுதி கணவரின் பெயரில் இருந்து, அவர் காணாமற்போயிருந்தால், மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாத தாய்மாருக்கு 2016இல் ஒரு வழி திறந்தது. அந்த ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தால் காணாமற்போனமைச் சான்றிதழ் பெற இடம் உண்டு. "அவர் இறந்துவிட்டார்" என்று எழுதிக் கொடுக்காமலே அலுவல்களைப் பார்க்கலாம்.

அன்றைய தினம்

வீட்டின் கதை தெரிந்த ஒருவர் நிற்கவேண்டும். அப்பு, ஆச்சி இருந்தால் அவர்களையும் அழைத்து வையுங்கள். எந்த ஆண்டு அத்திவாரம் போட்டது என்று அவர்களுக்குத்தான் தெரியும். பக்கத்து வளவுக்காரர் ஒருவரும் நின்றால் எல்லை பற்றிய பேச்சு அங்கேயே முடிந்துவிடும். நாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஒரு பிள்ளை போதும்.

கேட்டதற்கு மட்டும் நேராகப் பதில் சொல்லுங்கள். இல்லாத அறையைக் கூட்டிச் சொன்னால், உள்ள அறையையும் நம்பமாட்டார்கள். இருந்ததை வெட்கப்பட்டு மறைக்கவும் வேண்டாம். மண் வீடும் வீடுதான்.

வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். எழுதியதை வாசித்துக் காட்டும்படி கேளுங்கள். தமிழ் ஆட்சிமொழி, விளங்காத மொழியில் படிவம் இருந்தால் தமிழில் கேட்பது உங்கள் உரிமை. வந்தவரின் பெயர், பதவி, திகதி ஆகியவற்றைக் கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு

பதிவில் பிழை இருந்தால் சண்டை பிடிக்காமல், ஆனால் தாமதிக்காமல், பிரதேச செயலாளருக்கு எழுத்தில் கொடுங்கள். உங்கள் கொப்பிப் படத்தின் பிரதியையும் சேர்த்துக் கொடுத்து, கிடைத்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள். பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி உங்கள் கோவையின் நிலையைக் கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்ற தீர்மானத்தைத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் எடுக்கவேண்டும்.

குழுவாகப் பேசுவோம்

1. நம் ஊரில் உறுதி இல்லாத குடும்பங்கள் எத்தனை? யார் யாருக்குச் சாட்சி நிற்கலாம்?

2. தனித்து வாழும் பெண்களின், முதியோரின் வளவுகளில் பற்றை வெட்ட எந்த நாளை ஒதுக்குவோம்?

3. எழுதத் தெரிந்த பிள்ளைகளைக் கொண்டு, அடுத்த கூட்டத்துக்கு முன் ஒவ்வொரு வீட்டின் படத்தையும் கீறி முடிக்க முடியுமா?