செடியைப் படித்தால் வேலை உண்டா?

கேள்வி: உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் படித்தேன். மருத்துவத்துக்கு வெட்டுப்புள்ளி எட்டாது போலிருக்கிறது. விஞ்ஞான பீடமோ விவசாய பீடமோ கிடைக்கும் என்கிறார்கள். எனக்குத் தாவரவியலில்தான் விருப்பம். அம்மாவோ, "நான் கொழுந்து பறிச்சது போதாதா? நீயும் படிச்சிட்டுச் செடிக்கிட்டயே போகணுமா?" என்கிறார். என்ன செய்வது?
- மாணவி, பொகவந்தலாவை

பதில்: அன்புத் தங்கைக்கு,

அம்மாவின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. காலையில் ஆளெண்ணும் பெரட்டு, மாலையில் கொழுந்து நிறுவை, கிலோ குறைந்தால் அரைநாள் சம்பளமான அரைப்பேர்; செடி அவருக்குத் தந்தது இவ்வளவுதான். ஆனால் செடியை அறிந்தவர்கள் சொன்னதைக் கேட்டுத்தான் இந்த மலைநாடு பிழைத்து வந்திருக்கிறது.

நம் முன்னோர் முதலில் வந்தது கோப்பித் தோட்டங்களுக்கு. 1869இல் கோப்பி இலையில் துருநோய் கண்டது. 1880இல் அதை ஆராய வந்த தாவரவியலாளர் மார்ஷல் வார்ட், நோயைப் பரப்புவது காற்றில் பறக்கும் பூஞ்சண வித்துகள் என்று காட்டினார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. கோப்பி அழிந்து, மலையெங்கும் தேயிலை ஏறியது.

தேயிலைக்கும் சோதனை வந்தது. கொப்புள நோய் 1946இல் இலங்கைக்குள் நுழைந்தது. மழைக்காலத்தில் ஓர் இளங்கொழுந்தைத் திருப்பிப் பாருங்கள்: மேற்புறம் குழி விழுந்திருக்கும், அடியில் வெள்ளைக் கொப்புளம் புடைத்து நிற்கும். முற்றிய இலையை இந்த நோய் தொடுவதில்லை. நாம் பறிக்கும் தளிரையே தாக்கும். எப்போது மருந்தடிப்பது, எப்போது கவாத்து வெட்டுவது, எந்த இனத்தை நடுவது என்பதையெல்லாம் ஆராய்ந்து சொல்வது தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்திலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம் (டி.ஆர்.ஐ.). 1925இல் தொடங்கப்பட்டது. நர்சரியில் ஓர் இலையும் சிறு தண்டுமாக நட்டு வளர்க்கும் வீ.பி. கன்றுகளில் பல இனங்கள் அங்கே தெரிந்தெடுக்கப்பட்டவைதாம். டி.ஆர்.ஐ. 2025 என்ற இனம் அவற்றில் ஒன்று.

இனி உங்கள் தெரிவு. செடி ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்று அறிய ஆசையென்றால் விஞ்ஞான பீடத்தில் தாவரவியல். விளைச்சல், மண், பயிர்ப் பாதுகாப்பு என்று செயலில் இறங்க ஆசையென்றால் விவசாய பீடம். பேராதனை, யாழ்ப்பாணம், கிழக்கு ஆகிய பல்கலைக்கழகங்களில் இரண்டுக்கும் வழியுண்டு. பதுளை ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பத்துக்கே ஒரு பட்டப்படிப்பு இருக்கிறது. உங்கள் நுவரெலியா பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இருப்பதால் மேலதிக ஒதுக்கீடும் உண்டு. விண்ணப்பத்தில் விருப்ப வரிசையை யோசித்து நிரப்புங்கள்.

வேலை எங்கே? ஆராய்ச்சி நிலையங்கள், விவசாயத் திணைக்களம், சீதா எலிய உருளைக்கிழங்கு ஆய்வுகள், பேராதனை, ஹக்கலைத் தாவரவியல் பூங்காக்கள், கட்டுநாயக்கவில் தாவரத் தொற்றுத்தடுப்புச் சேவை, இழைய வளர்ப்பு ஆய்வுகூடங்கள், தோட்ட முகாமைத்துவம். இவற்றோடு தமிழ்மொழி மூலம் விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியர் பணி. தோட்டப் பாடசாலைகள் இதற்குத்தான் ஏங்கிக் கிடக்கின்றன.

பட்டம் வாங்கிய மறுநாளே கதவு திறக்காது. அரச ஆய்வுப் பதவிகளுக்கு வெற்றிடம் அறிவிக்கும்வரை காத்திருக்க வேண்டும். அப்போது நான்கு வருடச் சிறப்புப் பட்டமும் நல்ல வகுப்பும் கைகொடுக்கும். பாடங்கள் ஆங்கிலத்தில் நடக்கும். முதல் வருடத்தில் தடுமாறுவது இயல்பு, அதற்காகப் பின்வாங்காதீர்கள். பல்கலைக்கழக அனுமதி வரும்வரை கிடைக்கும் மாதங்களில் ஆங்கிலத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நூற்றைம்பது வருடங்களுக்கு மேலாக இந்தத் தேயிலைச் செடியை நட்டதும் பறித்ததும் நம்மவர்கள். அதை ஆராய்ந்து தீர்மானம் சொல்லும் இடங்களில் நம் பிள்ளைகள் இன்னும் நிறையப் பேர் இருக்க வேண்டும். அம்மாவிடம் இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். துணிந்து தாவரவியலைத் தெரிவு செய்யுங்கள்.