பெட்டிக்கும் மூச்சு வேண்டும்

நெய்யாறு அணைக்கு அருகில், மலையடிவாரத்தில் உள்ள அம்பூரியில் எங்கள் வீடு. பிழைப்புத் தேடித் தமிழகத்திலிருந்து அங்கே குடியேறிய அப்பாவுக்கு, மாலையில் ஒலிபெருக்கியில் தமிழ்ப் பாட்டுக் கேட்பது ஒன்றே இன்பம். அம்மாவோ அப்பெட்டியைக் கண்ணாடி அலமாரிக்குள் வைத்து, பூவேலைத் துணியால் போர்த்தியிருந்தார். ஒருநாள் பாட்டு நின்றது. மின்னிணைப்பை நீக்கித் திறந்தேன். ‘கண்டென்சர்’ எனும் மின்தேக்கி உப்பியிருந்தது.

காரணம் யாது? பழைய வகைப் பெருக்கி உண்ணும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகவே மாறுகிறது. சூடான காற்று மேலெழும். அவ்விடத்தில் குளிர்ந்த காற்றுப் புகும். இவ்வோட்டத்தைத் துணி தடுத்துவிட்டது. இவ்வகை மின்தேக்கியின் வெப்பநிலை 10 பாகை செல்சியசு கூடினால், ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர் கணக்கு.

“விசிறி வைக்கலாமே!” என்பீர்கள். அதன் இரைச்சல் பாட்டைக் கெடுக்குமன்றோ? விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும். ஓசையோ சுமார் 15 டெசிபெல் குறையும். ஆகவே சிறு விசிறி விரைந்து சுழல்வதினும், பெரிய விசிறி மெல்லச் சுழல்வதே நன்று. அதனடியில் ரப்பர்த் துண்டு வைத்தால் அதிர்வு பலகைக்குப் பரவாது. அம்பூரியில் ரப்பருக்கா பஞ்சம்!

எங்களுக்கு விசிறியே தேவைப்படவில்லை. மின்தேக்கியை மாற்றி, அலமாரியின் பின்பலகையைக் கழற்றி, பெட்டிக்கு மேலே ஒரு சாண் இடம் விட்டேன். இப்போது பெட்டி ஆறிய பிறகே அம்மா துணி போர்த்துகிறார். அப்பாவின் மாலைப் பொழுது திரும்பிவிட்டது.

விடுமுறைக்கு வீடு செல்லும் நண்பர்களே, தொலைக்காட்சிப் பெட்டிக்கும் இதுவே விதி. அதன் பின்புறத்துளைகள் அடைபட்டுள்ளனவா என்று ஒருமுறை பாருங்கள்.