குண்டுக்கரிச்சானும் புள்ளிமூக்கு வாத்தும்

தோட்டத்தில் பாடும் குண்டுக்கரிச்சானும் ஏரியில் நீந்தும் புள்ளிமூக்கு வாத்தும் பறவைகளே. ஆயினும் முட்டையை விட்டு வெளிவரும் முதல் நாளிலேயே அவை எவ்வளவு வேறுபடுகின்றன, பாருங்கள்!

குண்டுக்கரிச்சான் கருப்பும் வெள்ளையுமான சிறு பறவை. வாலை நிமிர்த்தியபடி திரியும். மரப்பொந்திலோ சுவர்த்துளையிலோ கூடு கட்டி, நான்கைந்து முட்டைகள் இடும். ஏறத்தாழ 13 நாளில் குஞ்சுகள் வெளிவரும். அவற்றுக்குக் கண் திறந்திராது. உடலில் இறகும் இராது. இரைக்காக வாயைத் திறக்க மட்டுமே தெரியும். தாயும் தந்தையும் சுமார் இரண்டு வாரம் புழு பூச்சிகளைக் கொணர்ந்து ஊட்டும்.

புள்ளிமூக்கு வாத்தின் அலகு நுனி மஞ்சள். அலகின் அடியில் இரு சிவப்புப் புள்ளிகள் உண்டு. நீர்க்கரைப் புதர்களிடையே தரையில் கூடு அமைத்து, 8 முதல் 14 முட்டைகள் வரை இடும். இது அடைகாப்பது ஏறத்தாழ 24 நாள். குஞ்சுகள் திறந்த கண்களுடனும் மென்தூவிப் போர்வையுடனும் பிறக்கும். உடல் உலர்ந்து வலுப்பெற்றதும், தாயின் பின்னே சென்று நீரில் இறங்கித் தாமே இரை தேடும்.

காரணம் என்ன? வாத்து முட்டையில் மஞ்சள்கரு அதிகம். அடைகாக்கும் நாளும் அதிகம். ஆகவே குஞ்சு முட்டைக்குள்ளேயே நன்கு வளர்ந்துவிடுகிறது. குண்டுக்கரிச்சான் குஞ்சோ கூட்டில்தான் வளர்கிறது.

அப்படியானால் வாத்துக்குஞ்சுதான் கெட்டிக்காரனா? அவசரப்பட வேண்டாம்! பிறந்தவுடன் கண்ணெதிரே அசைவதையே அது தாயென நம்பிப் பின்தொடரும். வாத்து, காட்டுவாத்துக் குஞ்சுகளிடம் இப்பண்பை ஆராய்ந்த கான்ராட் லோரன்ஸ், 1973-இல் நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவர். நடக்கத் தெரிந்த குஞ்சுக்கும் வழிகாட்டத் தாய் வேண்டும்.

பாடும் பறவைகளோ பெரியவற்றின் பாட்டைக் கேட்டே கற்கின்றன. 1950-களில் இங்கிலாந்தில் தார்ப் என்னும் அறிஞர், சாஃபின்ச் குஞ்சுகளைப் பெரியவற்றின் பாட்டே கேளாதவாறு வளர்த்தார். அவை வளர்ந்தபின் பாடின. ஆனால் அது குறைப்பாட்டாகவே இருந்தது!

தோழியரே, வகுப்பில் விரைந்து கற்பவளும் உண்டு. மெல்லக் கற்பவளும் உண்டு. ஒருத்தியைக் காட்டி மற்றொருத்தியைப் பழிக்கலாமா? வானத்துப் பறவைகளை உற்றுநோக்கச் சொன்னார் நம் ஆண்டவர். இரண்டையும் படைத்தவர் ஒருவரே. கண் திறவாமல் பிறந்த குஞ்சுதான் நாளை விடியலில் பாடி நம்மை எழுப்பப் போகிறது!