மஞ்சள் பூசுமுன்

அன்புள்ள தம்பிக்கு,

நகரமைப்புத் துறையில் வேலை கிடைத்த செய்தி அறிந்தேன். மகிழ்ச்சி. சென்னைப் பெருநகர்ப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிக்கும் அரசாணை 2022 அக்டோபரில் வந்தது. அரக்கோணம் பக்கத்து வயலும் இப்போது சென்னைக் கணக்கில்தான். நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் விவசாயப் பச்சையில் இருக்கும் ஒரு புல எண்ணை உங்கள் துறை குடியிருப்பு மஞ்சளாக்கினால் போதும், சென்ட் விலை ஏறிவிடும். உழுதவர் அதற்குள் விற்றுவிட்டுப் போயிருப்பார். லாபம், சேதி முன்கூட்டியே தெரிந்தவருக்கு.

அதனால் நிறம் பூசுமுன் அந்த ஊர்க் கணக்கைப் படி. நில விவரம் சொல்லும் அ-பதிவேடு, எல்லை காட்டும் புலப்படம், பயிர்க் கணக்கான அடங்கல் மூன்றையும் எடுத்துக்கொண்டு வயலில் போய் நில். ஏரிக்கரை எந்த வரைபடத்திலும் இருக்கும். கலங்கலில் வழியும் நீரை அடுத்த ஏரிக்குக் கொண்டுபோகும் கால்வாய்தான் காணாமல் போயிருக்கும். புலப்படத்தில் பட்டா நிலங்களுக்கு நடுவே ஒல்லியாக ஒரு புல எண், ‘வாய்க்கால் புறம்போக்கு’ என்று. தரையில் பார்த்தால் அதன்மேல் மனைப்பிரிவின் தார்ச்சாலை ஓடும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைப் புறநகரின் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை மழையின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது.

அடுத்தது ஆட்கள். 2013-ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டம் பட்டாதாரரை மட்டும் பார்க்கவில்லை. அந்த நிலத்தையே நம்பி மூன்றாண்டுகளாகப் பிழைக்கும் குத்தகைக்காரர், வாரதாரர், விவசாயக் கூலி எல்லாரும் பாதிக்கப்பட்ட குடும்பம்தான். ஆனால் வாய்மொழிக் குத்தகைதான் நம் ஊர் வழக்கம். குத்தகை உரிமையைப் பதிய 1969-லேயே சட்டம் வந்தும் அதில் பெயர் ஏறியவர்கள் குறைவு. ஏட்டில் இல்லாதவரை ஊரில் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். டீக்கடையில் கேள், சொல்வார்கள்.

இழப்பீட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. அரசின் வழிகாட்டி மதிப்பையும் பதிவான கிரயப் பத்திரங்களையும் வைத்துத்தான் சந்தை மதிப்பைக் கணிப்பார்கள். முத்திரைத் தீர்வையை மிச்சம் பிடிக்க ஊரே வழிகாட்டி மதிப்பை ஒட்டிப் பதிந்து வைத்திருக்கும். நிலமெடுக்க வரும்போது அந்தக் குறைந்த விலையை வைத்துத்தான் உழவருக்கான இழப்பீட்டைக் கணக்கிடுவார்கள். (இதற்கு அவரும் உடந்தைதான், மறுக்கவில்லை.)

இன்னொன்று, பழைய ஒதுக்கீடு. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து, 1892-ல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க வழி பிறந்தது. பிறருக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனையோடு கொடுக்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் அவை. உன் வரைபடத்துக்குள் அவையும் இருக்கின்றன, பல இடங்களில் பிறர் பெயரில். பழைய அ-பதிவேட்டைத் தேடி எடுக்காமல் அந்தப் பக்கம் ஒரு மனைப்பிரிவுக்கும் ஒப்புதல் எழுதாதே.

நகரத்துக்கு வீடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மேட்டுப் புன்செயும் தரிசும் இருக்கும்போது ஏரிப் பாசன நன்செயைத் தொடுவானேன்? கேட்டால், சாலைக்குப் பக்கம் என்பார்கள். அந்தப் பதிலுக்கு மட்டும் தலையாட்டாதே. சேர்ந்த முதல் மாதமே ஒரு கிராம நிர்வாக அலுவலரோடு அடங்கல் எழுதும் நாளில் வயலைச் சுற்றி வா. பார்த்ததை எனக்கு எழுது.

அன்புடன்,
உன் அண்ணன்