தீக்காயும் தூரம்

பொல்பிட்டியவிலிருந்து ஹட்டன் பக்கமாக மேலே ஏற ஏற குளிர் கூடும். அங்கே விடியற்காலையில் அடுப்பருகே குந்தியிருந்து குளிர் காய்வது வழக்கம். நெருப்பை ஒட்டி உட்கார்ந்தால் சுடும். வாசலில் நின்றால் குளிர் போகாது. இரண்டுக்கும் இடையில்தான் இதமான இடம் இருக்கிறது.

திருக்குறளின் 70ஆம் அதிகாரமாகிய 'மன்னரைச் சேர்ந்தொழுதல்' இந்த உவமையோடுதான் தொடங்குகிறது. மன்னனோடு பழகுபவர், குளிர் காய்பவரைப் போல மிக விலகாமலும் மிக நெருங்காமலும் இருக்க வேண்டும் என்பது 691ஆம் குறளின் கருத்து. அரசனின் சினத்துக்காகச் சொல்லப்பட்ட எச்சரிக்கை அது. வீட்டில் அரசன் இல்லை. ஆயினும் அன்புக்கும் இந்த உவமை பொருந்தும். நெருப்பிலிருந்து சற்றுத் தள்ளி இருப்பவர் நெருப்பை வெறுப்பவர் அல்லர்.

ஆனால், பழைய லயன் அறை ஒன்றின் அளவு பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடிதான். ஒரு குடும்பமே அதற்குள் வாழும்போது இடைவெளிக்கு எங்கே போவது?

இதற்கு விடை நம் மார்க்கத்தில் இருக்கிறது. பஜ்ருக்கு முன், நண்பகல் ஓய்வு நேரம், இஷாவுக்குப் பின் ஆகிய 3 வேளைகளில் சிறு பிள்ளைகளும் அனுமதி கேட்டே உள்ளே வர வேண்டும் என்கிறது ஸூரா அந்நூரின் 58ஆம் வசனம். பருவமடைந்த பின்னரும் அவர்கள் அனுமதி கேட்க வேண்டும் என்கிறது அடுத்த வசனம். தாயோடு ஒரே வீட்டில் வாழும் தானும் அனுமதி கேட்க வேண்டுமா என்று ஒருவர் வினவியபோது, ஆம் என்றே நபி (ஸல்) அவர்கள் விடையளித்ததாக இமாம் மாலிக்கின் முவத்தாவில் உள்ளது. ஆகவே, இடைவெளிக்குப் பெரிய வீடு தேவையில்லை. கேட்கும் பழக்கம் இருந்தால் போதும்.

மகளின் நாட்குறிப்பைத் திறந்து பார்க்கும் உம்மாவும் அக்கறையினால்தான் பார்க்கிறார். ஆனால் அதை அறிந்த மகள் எழுதுவதை நிறுத்துவாள், பேச்சையும் குறைப்பாள். ஆபத்து என்று தெரிந்தால் தலையிடுவது பெற்றோரின் கடமை. மற்ற நாட்களில் கேட்டு அறிவதே நல்லது.

மாணவிகளாகிய நமக்கும் பங்குண்டு. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல், "என்னை யாரும் புரிந்துகொள்வதில்லை" என்பது, வாசலில் நின்றுகொண்டு நெருப்பைக் குறை சொல்வது போன்றது.

உம்மா "வரலாமா?" என்று கேட்கட்டும். மகள் "வாங்க உம்மா" என்று சொல்லட்டும். இரண்டும் நடக்கும் வீட்டில் யாருக்கும் சுடாது, யாருக்கும் குளிராது.