விரைவு குறித்த ஆங்கில வினைகள்: ஒரு பொருண்மை நோக்கு

தேர்வுக்குப் பயிலும் மாணவர் கையில் உள்ள வழிகாட்டி நூல்களில் ஒரு பட்டியல் தவறாது இடம்பெறுவதைக் காண்கிறோம். ‘ரன்’ எனத் தொடங்கி ‘ஹர்ரி’, ‘ரஷ்’, ‘டாஷ்’, ‘டார்ட்’, ‘போல்ட்’, ‘ஸ்கேம்பர்’, ‘ஸ்கட்டில்’, ‘ஃப்ளீ’ என்று அது நீளும். எதிரே ‘விரைந்து செல்லுதல்’ என ஒரே பொருள் எழுதப்பட்டிருக்கும். ஒரு சொல்லே மீண்டும் மீண்டும் வாராதிருக்க வேண்டும் என்னும் நல்ல நோக்கத்துடன் மாணவர் ஒன்றனிடத்தில் மற்றொன்றைப் பெய்து எழுதுகின்றனர். விளைவு, கட்டுரையில் சிறப்பு விருந்தினர் மேடையை நோக்கி ‘ஸ்கட்டில்’ செய்துவிடுகிறார். நண்டும் கரப்பானும் குறுங்கால்களை அடித்து ஒதுங்கி ஓடும் ஓட்டத்திற்குரிய சொல் அது. மனிதர்க்கு ஏற்றிச் சொன்னால் அச்சமோ சிறுமையோ உடன் தோன்றும். இலக்கணப் பிழை ஏதுமின்றியே விருந்தினர் இழிவுபடுத்தப்பட்டார் என்க.

குறை பட்டியலில் இல்லை. அதனைப் பயன்கொள்ளும் முறையில் உள்ளது. பீட்டர் மார்க் ரோஜட் என்னும் மருத்துவர் 1852-ஆம் ஆண்டு வெளியிட்ட ‘தெசாரஸ்’ என்னும் சொற்களஞ்சியம் சொற்களைக் கருத்து வகையால் தொகுத்ததேயன்றி அவற்றிற்குப் பொருள் விளக்கம் கூறவில்லை. சொல்லை முன்பே அறிந்து மறந்தவர்க்கு அது நினைவூட்டும், அறியாதவர்க்குக் கற்பிக்காது. நம் திவாகரமும் பிங்கலமும் இவ்வகையினவே. தொல்காப்பிய உரியியல் கதழ்வு, துனைவு ஆகிய இரண்டற்கும் விரைவு என்றே பொருள் கூறுகிறது. எச்சொல்லை எங்கே ஆளுவது என்பதைப் புலவர் வழக்கை நோக்கியே உணரவேண்டியுள்ளது.

ஆங்கிலத்தில் இத்தகைய வினைகள் இத்துணை பெருகியதற்கு அம்மொழியின் அமைப்பே ஒரு காரணம். மொழியியல் அறிஞர் லெனார்டு டால்மி 1985-இல் வெளியிட்ட ஆய்வில் இதனை விளக்கினார். ஒருத்தி சட்டெனச் சாலையைக் கடந்ததைக் கூற வந்த ஆங்கிலத்தார், இயக்கத்தின் தன்மையை ‘டார்ட்’ என்னும் வினைக்குள்ளேயே அடக்கி, கடத்தலை ‘அக்ராஸ்’ என்னும் சிறுசொல்லால் உணர்த்துவர். நாமோ கடத்தலை வினையாக்கி, விரைவைச் ‘சட்டென’ என்னும் அடையில் வைக்கிறோம். ஆகவே அங்கே வினைகள் பெருகின. இங்கே குடுகுடுவென, விறுவிறுவென, தலைதெறிக்க, விழுந்தடித்துக்கொண்டு, பின்னங்கால் பிடரியில் பட என்னும் அடைகளும் தொடர்களும் பெருகின. தமிழில் விரைவுக்குச் சொல் குறைவு என்று சிலர் கூறுவது, செல்வம் வேறு பெட்டியில் இருப்பதைக் காணாதார் கூற்றாகும்.

இனிச் சில சொற்களை அவற்றின் பிறப்போடு நோக்குவோம். ‘டார்ட்’ என்பது கையால் எறியும் சிற்றீட்டியின் பெயர். எறிந்த ஈட்டிபோல் ஒரு புள்ளியிலிருந்து மறுபுள்ளிக்கு நொடியில் பாய்வதே அவ்வினையின் உயிர். பல்லி பூச்சியை நோக்கி ‘டார்ட்’ செய்யும். நெடுந்தொலைவு ஓடுபவனுக்கு அச்சொல் பொருந்தாது. ‘போல்ட்’ என்பதும் படைக்கலப் பெயரே. பொறிவில்லிலிருந்து விடும் குறுங்கணையை அது குறித்தது. மிரண்ட குதிரை கட்டறுத்துக்கொண்டு ஓடுவதை இச்சொல் சுட்டும். எதிர்பாராமையும் கட்டுமீறலும் இதில் உண்டு. (2009-இல் பெர்லினில் 100 மீட்டரை 9.58 நொடியில் கடந்த யமைக்க வீரர் உசேன் போல்ட்டின் குடும்பப் பெயர் இதுவாக அமைந்தது இனிய தற்செயல். ஆயின் அவர் ஓட்டத்திற்குரிய வினை ‘ஸ்பிரின்ட்’ என்பதே.) ‘டாஷ்’ என்பதன் பழம்பொருள் மோதி நொறுக்குதல். நம் ஊர்களில் வண்டி மோதியதை ‘டேஷ் அடித்தது’ என்று கூறுவோர் அறியாமலேயே அப்பழம்பொருளைப் போற்றிவருகின்றனர்.

‘கேன்டர்’ என்னும் சொல்லுக்குச் சுவையான வரலாறு ஒன்றுண்டு. 1170-இல் கொலையுண்ட தாமஸ் பெக்கட்டின் அடக்கத்தலம் நோக்கிக் கேன்டர்பரி நகருக்குப் பயணம் சென்ற அடியார்களின் குதிரைகள் பாய்ந்தும் ஓடாமல், நடந்தும் செல்லாமல், இடைப்பட்ட கதியில் சென்றன. அந்நகரின் பெயரே குறுகி அக்கதிக்குப் பெயராயிற்று.

‘ஹர்ரி’ என்பதோ இவற்றினின்றும் வேறானது. அதற்கு இடப்பெயர்ச்சி இன்றியமையாததன்று. நாற்காலியில் அமர்ந்து கடிதம் எழுதுபவனும் ‘ஹர்ரி’ செய்யலாம். காலின் விரைவன்று, காலத்தின் நெருக்கடியே அதன் பொருள். ‘ரஷ்’ என்பதில் நெருக்கடியோடு வேகமும் கூடும். விபத்துற்றவர் மருத்துவமனைக்கு ‘ரஷ்’ செய்யப்பட்டார் என்று நாளிதழ்கள் எழுதும்போது, அசையாது கிடப்பவரையும் அவ்வினை தழுவிக்கொள்கிறது.

விரைவு குறித்த சில அடிச்சொற்கள் தொடக்கத்தில் விரைவையே குறிக்கவில்லை என்பது வியப்புக்குரியது. ‘ஸ்பீட்’ என்பது பழைய ஆங்கிலத்தில் செழிப்பையும் வெற்றியையும் குறித்தது. மிகுந்த அவசரம் குறைந்த ‘ஸ்பீட்’ என்னும் அவர்தம் பழமொழி இன்று முரணாகத் தோன்றுவது அதனாலேதான். அவசரப்பட்டால் காரியம் கைகூடாது என்பதே அதன் கருத்து. ‘குயிக்’ என்றால் உயிருள்ளது. ஓடி உருளும் பாதரசத்தை ‘குயிக்சில்வர்’, அஃதாவது உயிருள்ள வெள்ளி, என்றனர். ‘ஃபாஸ்ட்’ என்பதன் முதற்பொருளோ அசையாது உறுதியாய் நிற்றல்!

‘ரன்’ என்னும் எளிய சொல்லே எல்லாவற்றிலும் அரியது. ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி அவ்வினைக்கு மட்டும் அறுநூற்றுக்கு மேற்பட்ட பொருள் வேறுபாடுகளைக் காட்டுகிறது. ஆறும் கடிகாரமும் திரைப்படமும் இருமொழியிலும் ஓடுகின்றன. ஆனால் ஆங்கிலத்தில் மூக்கு ஓடும், தமிழில் ஒழுகும்; அவர்கள் கடையை ஓட்டுகின்றனர், நாம் நடத்துகிறோம்.

இவ்வேறுபாடுகள் வகுப்பறையோடு நின்றுவிடுவன அல்ல. கீழமை நீதிமன்றத்தில் தமிழில் பதிவான சாட்சியம் மேல்முறையீட்டில் ஆங்கிலமாகி உயர்நீதிமன்றம் செல்கிறது. ‘அவர் அங்கிருந்து ஓடினார்’ என்று சாட்சி கூறுகிறார். மொழிபெயர்ப்பாளர் ‘ரன்’ என்று எழுதினால் நிகழ்ச்சி மட்டும் பதிவாகும். உதவி தேடி ஓடியிருக்கவும் கூடும். ‘ஃப்ளீ’ என்று எழுதினால் ஆபத்துக்கோ பிடிபடுதலுக்கோ அஞ்சித் தப்பினார் என்னும் கருத்து, சாட்சி கூறாமலேயே நுழைந்துவிடுகிறது. ‘அப்ஸ்காண்ட்’ என்றாலோ தலைமறைவானார் என்றே ஆகும். மூன்றும் வழிகாட்டி நூலில் அடுத்தடுத்து நிற்பவையே. குற்றம் சாட்டப்பட்டவர் நிலையில் அவற்றிடையே உள்ள தொலைவு பெரிது. ஓடிய காரணத்தைச் சாட்சி கூறாதவிடத்துக் காரணமேற்றாத ‘ரன்’ என்பதே நேர்மையான பெயர்ப்பு என்பது நம் கருத்து.

அதே சாட்சி ‘ஓட்டமும் நடையுமாகப் போனார்’ என்று கூறின் என் செய்வது? ‘ஹர்ரி’ என்றால் கால் தெரியாது. ‘ரன்’ என்றால் நடை மறையும். இத்துணை வினைகளை உடைய ஆங்கிலத்தாரும் இவ்விடத்தில் ஒரு வினை போதாமல், பாதி நடந்தார் பாதி ஓடினார் என்று நம்மைப்போல் இரண்டை இணைத்தே எழுதுகின்றனர்.