பூப்பந்து மட்டை பிடிக்க வரும் பிள்ளைகளுக்கு

மரக்காணம் உப்பளக் கரையில் ஆட வந்திருக்கும் தம்பி தங்கைகளே! இந்தக் கடற்காற்றில் இறகுப்பந்து நிற்காது. 27 முதல் 30 கிராம் எடையுள்ள கம்பளிப் பந்து நிற்கும். தஞ்சாவூரில் பிறந்த ஆட்டம் பூப்பந்து. ஆட இறங்கும் முன் உங்கள் உடம்பைத் தெரிந்துகொள்ளுங்கள்.

1. அடி காலில் பிறக்கிறது. பாதம் மண்ணை உந்தும் விசை முழங்கால், இடுப்பு, முதுகு வழியாகத் தோளுக்கு ஏறும். இடுப்பு திரும்பாவிட்டால் அந்தப் பாரமும் தோள்மேல் விழும். இடது கையில் குறைபாடுள்ள காஞ்சிபுரம் துளசிமதி முருகேசன் 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் இறகுப்பந்து ஆட்டத்தில் வெள்ளி வென்றார். அவர் ஆட்டத்தில் காலையும் இடுப்பையும் கவனியுங்கள்.

2. பிடியைத் தளர்த்துங்கள். உப்பு வாரிப் பழகிய கை எதையும் இறுக்கித்தான் பிடிக்கும். இறுகிய முன்கை வேகமாகத் திரும்பாது. பந்து படும் கணத்தில் மட்டும் விரல்கள் இறுகினால் போதும்.

3. ஓங்கி அடிக்கும் ஸ்மாஷுக்கு மணிக்கட்டை மடக்கினால் போதும் என்று நம்பாதீர்கள். மேல்கை தோள்மூட்டில் உள்நோக்கிச் சுழல வேண்டும்; கூடவே முன்கை புரள வேண்டும். முழங்கையை மடக்கி விலாவோடு ஒட்டிக்கொண்டு, வானம் பார்க்கும் உள்ளங்கையைத் தரை பார்க்கத் திருப்புங்கள். முன்கையின் இரண்டு எலும்புகளில் ஒன்று மற்றதன்மேல் புரள்வது தெரியும். பெரும் வேகம் இந்த இரண்டு சுழற்சிகளிலிருந்துதான் வருகிறது.

4. புறங்கை அடியில் மேல்கையும் முன்கையும் எதிர்த்திசையில் திரும்பும். மணிக்கட்டைத் தொங்கவிடாதீர்கள். அதை நிமிர்த்தும் தசைகள் முழங்கையின் வெளிப்புற எலும்பில் ஒட்டியிருக்கின்றன. ‘டென்னிஸ் எல்போ’ வலி அங்கேதான் பிடிக்கும்.

5. தோளை அதன் குழியில் நிறுத்துபவை நான்கு சிறு தசைகள். அடித்து முடித்த கையைப் பிடித்து நிறுத்துவதில் பின்பக்கத் தசைகளுக்குப் பெரும் பங்கு. முழங்கையை விலாவில் ஒட்டி, ரப்பர் பட்டையை வெளிப்பக்கமாக இழுத்துப் பழகுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பளம் ஓயும் காலம் இதற்குத் தோதானது.

6. முன்னே பாய்ந்து எடுக்கும்போது குதிகால் முதலில் ஊன்றட்டும். முழங்கால் பாதம் பார்க்கும் திசையிலேயே மடங்கட்டும். உள்ளே சரியவிட்டால் மூட்டு கெடும்.

7. நாள் முழுக்க உப்பு வாரிய மாலையில் ஸ்மாஷ் பழகாதீர்கள். கால்வேலை மட்டும் செய்யுங்கள். வலி நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். நாளைக்கு உப்பளத்தில் இறங்கவும் இதே தோள்தான் வேண்டும்.